மறுபடி அடுக்கிய சட்டை

இது நல்லபடியாக முடிந்த கதை. முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை பாருங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய ஓட்டத்தையெல்லாம் மறுபடி என்கிற மனிதர் ஒருவரே நமக்கும் சேர்த்து ஓடிவிட்டார்.

மறுபடி ஒரு டீசல் மெக்கானிக். லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில், லேத்துப் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. இந்தப் பட்டப்பெயர் வந்த காரணத்தைக் கேட்கவே வேண்டாம். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். இறுக்கிய நட்டை மறுபடி இறுக்குவார். வண்டியை ஒப்படைத்துவிட்டு, அது கிளம்பும்போது கையைக் காட்டி நிறுத்தி, மறுபடி ஒரு தடவை கீழே குனிந்து பார்ப்பார். அடுப்பை அணைத்தாயா என்று மனைவியிடம் கேட்பார். அவள் அணைத்துவிட்டேன் என்பாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பார்.

“இவரைக் கட்டிக்கிட்ட பிறகு நான் பொய்யே சொன்னதில்ல,” என்பாள் அந்தம்மா. “சொல்லி என்ன ஆகப்போகுது? எப்படியும் போய்ப் பார்த்துடுவார்.”

கேலி செய்பவர்கள் செய்யட்டும். ஓர் எஞ்சினைத் திறந்து போட்டிருக்கும் வேளையில் இப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

எஞ்சினைப் பிரித்தால் அங்கங்கே ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். காற்று போகிற வழி, புகை வருகிற வழி, எண்ணெய் ஏறுகிற வழி, இறங்குகிற வழி. வேலை முடியும் வரை தூசியும் மண்ணும் சின்னத் திருகாணிகளும் உள்ளே விழாமல் இருக்க, ஒவ்வொரு ஓட்டையிலும் துணியைத் திணித்து வைப்பார்கள். திணித்த துணியை எடுக்க மறந்தால் அவ்வளவுதான். மறுபடி தொழில் கற்ற பணிமனையில், எஞ்சினைப் புதுசாகப் பூட்டி அனுப்பிய ஒரு பஸ்ஸைப் போன வேகத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே கை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி ஒன்று கரிக்கட்டையாக உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று கடைசி வரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று முதல் மறுபடி பனியன் வேஸ்டைக் கையால் தொட்டதில்லை.

அவருக்குச் சட்டைதான். ஒரு வேலைக்கு ஒரு பழைய சட்டை. கத்தரிக்கோலால் அதைப் பிரித்துப் போடுவார். முதுகுத் துணி பெரிய வாய்களுக்கு, கைத்துணி நடுத்தரமானவற்றுக்கு, காலரும் மணிக்கட்டுப் பட்டியும் பாக்கெட்டும் சின்ன ஓட்டைகளுக்கு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உருவி எடுத்து, மேசைமேல் மறுபடி சட்டையாக அடுக்குவார். முதுகுக்கு மேல் முன்பக்கம், தோளில் கை, கையில் பட்டி, கழுத்தில் காலர், மார்பில் பாக்கெட். மேசைமேல் எண்ணெய்க் கறையோடு ஒரு முழுச் சட்டை மல்லாந்து படுத்திருந்தால் எஞ்சினுக்குள் எதுவும் இல்லை என்று அர்த்தம். சாவி அதன் பிறகுதான் கை மாறும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார், சட்டையைத் தடவிப் பார்ப்பார்.

இப்போது அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவும் மாமாவும் ஒரே லாரியில் பிழைப்பு நடத்துகிறவர்கள். மாமா ஓட்டுநர், அக்கா கிளீனர். கிளீனர் என்று ஓர் ஆளை வைத்துப் பார்த்து, அந்த ஆள் தூங்கியதைவிட அதிகமாகச் சாப்பிட்டதால், நானே வருகிறேன் என்று கிளம்பியவள் அவள். அந்தப் பச்சை லாரி நல்ல உழைப்பாளி. ஆனால் வயசாளி. கம்பெனியில் டர்போ இல்லாமல் வந்த காலத்து எஞ்சின். சமவெளியில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஜம்மென்று போகும். மலையூருக்குப் போகும் ஏற்றம் வந்தால் போதும், இருமலும் கறுப்புப் புகையுமாக மூச்சிரைத்துக்கொண்டு நடையாய் நடக்கும். பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் ஹாரனால் திட்டும். மாமாவுக்கு அந்த நேரத்தில் மட்டும் காது கேட்காது.

நடையாய் நடக்கும் என்றது சும்மா பேச்சுக்கு இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அக்கா கீழே இறங்கி, கையில் முட்டுக்கட்டையோடு லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தே ஏறுவாள். கியர் மாற்றும்போது வண்டி திணறி நின்றால், பின்னால் உருள்வதற்குள் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும். போட்டுவிட்டு, “ம்” என்று குரல் கொடுப்பாள். மாமா மறுபடி கிளப்புவார். அவள் கட்டையை உருவிக்கொண்டு மறுபடி நடப்பாள். வருஷக்கணக்கில் இதே வேலை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் லாரியும் அக்காவும் ஜோடியாக மலை ஏறினார்கள். கேபினில் உட்கார்ந்திருக்கும்போதுகூட கட்டை அவள் மடியில்தான் இருக்கும். அந்த ஏற்றத்தில் அவள் கண்ணை இமைத்துப் பார்த்தவர் இல்லை.

ஒருநாள் அக்கா தம்பி வீட்டுக்கு இடதுகைச் சுண்டுவிரலில் கட்டோடு வந்தாள்.

“என்னக்கா இது?”

“கதவு இடிச்சிருச்சு.”

அக்கா பொய் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், சமையலறைப் பக்கம் பார்ப்பாள். மறுபடி வாசலுக்குப் போய் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். “கட்டை நழுவிருச்சு மாப்ள,” என்றார் மெதுவாக. “கையை இழுக்கறதுக்குள்ள சக்கரம் ஏறிருச்சு. விரலோட போச்சேன்னு இருக்கேன். இனிமே ஏறும்போது அவளை இறங்கவிடக் கூடாது. ஆனா அவ இறங்காம வண்டி ஏறாது. நான் என்ன பண்ண?”

அன்று மறுபடி சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்த கை அது. பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்ட விரல் அது. யோசித்து யோசித்து, காலையில் மாமாவிடம் சொன்னார்: “டர்போ போட்டுடலாம் மாமா.”

டர்போ என்பது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. எஞ்சினுக்கு அதிக டீசல் கொடுத்தால் மட்டும் போதாது, அதை எரிக்க அதிகக் காற்றும் வேண்டும். பழைய எஞ்சின் தானாக இழுக்கிற காற்றோடு சரி. டர்போவில் ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு குட்டி விசிறிகள். வெளியே வீணாகப் போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றிவிட்டுப் போகும். அது சுற்றினால் மறுமுனை விசிறியும் சுற்றி, வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும். நுரையீரல் பெரிதான மாதிரி. அந்தத் தண்டு சுற்றுகிற சுற்றுக்கு எண்ணெய் நிற்காமல் வந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்க வேண்டும். வருகிற குழாய் மெல்லியது, வடிகிற குழாய் கட்டைவிரல் பருமன். இந்த வடிகுழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதே குடும்பத்து எஞ்சின் இருந்த இன்னொரு லாரி விபத்தில் உருத்தெரியாமல் நசுங்கிக் கிடந்தது. அதன் டர்போவுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. மறுபடி தண்டை விரலால் சுற்றிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் வந்து மறுபடி சுற்றிப் பார்த்தார். பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர்தான் புகைக்குழாயைப் பொருத்துவதற்கான தகட்டைக் கடைந்து கொடுத்தார். எஞ்சினின் அடித்தொட்டியில் வடிகுழாய்க்கு வழி திறந்ததும் அவர்தான்.

வேலை நடந்த நாட்களில் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. இந்தத் தடவை சட்டையை அவளே வீட்டிலிருந்து கிழித்துப் பையில் போட்டு எடுத்துவந்தாள். மாமாவின் பழைய நீலக்கட்டம் போட்ட சட்டை. “உனக்குக் கத்தரிக்கிற வேலை மிச்சம்,” என்று பையை ஆணியில் மாட்டினாள். தம்பி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, அவள் கேபினில் ஏறி உட்கார்ந்து ஊசியும் நூலுமாக எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியின் கை தானாகப் பைக்குள் போகும், அகப்பட்டதை எடுக்கும், ஓட்டையைப் பார்த்துச் செருகும்.

எல்லாம் பூட்டி முடித்த காலை வந்தது. டீசலை நிறுத்திவைத்து எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டு, டர்போ வரைக்கும் எண்ணெய் ஏறிவிட்டதா என்று பார்த்தார். பிறகு கிளப்பினார். முதல் மூச்சிலேயே பிடித்துக்கொண்டது. மிதித்தபோது எஞ்சின் சத்தத்துக்கு மேலே மெல்லியதாக ஒரு விசில் எழுந்தது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார். “நம்ம வண்டியா இது?” என்றார். மறுபடியின் தோளிலிருந்து பெரிய மூட்டை இறங்கியது.

அங்கேதான் அவசரம் வந்து சேர்ந்தது. முந்தின நாளே கொட்டகை வாசலில் வைத்துச் சிமெண்ட் ஏற்றிவிட்ட லாரி அது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் மலையூர் போய் இறக்கியாக வேண்டும்.

“இருங்க மாமா, சட்டையை அடுக்கிடறேன்.”

“மழை வந்தா சிமெண்ட் கல்லாயிடும் மாப்ள. நீதான் எல்லாத்தையும் உருவிட்டியே. நானே பார்த்தேனே.”

“இல்ல, மறுபடி ஒரு தடவை...”

“டேய்,” என்றாள் அக்கா கேபினிலிருந்து, மடியில் கட்டையோடு. “நாங்க போனப்புறம் அடுக்கு. சட்டை எங்கே ஓடிடப் போகுது?”

அக்கா சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சட்டையை அடுக்காமல் சாவியைக் கொடுத்தார். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஏத்தம் ஏறி நின்ன உடனே எஞ்சினை அணைச்சுடாதீங்க மாமா. டர்போ சூட்டோட சுத்திக்கிட்டு இருக்கும், எண்ணெய் நின்னா காஞ்சிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு மூச்சு வாங்க விடுங்க. மறந்துடாதீங்க. என்ன?”

“மறக்கமாட்டேன்.”

“எங்கே, சொல்லுங்க?”

மாமா சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

லாரி போன பிறகு மறுபடி டீ குடித்தார். நிதானமாகக் கை கழுவினார். பிறகு மேசையைத் துடைத்து, துணிகளைக் கொட்டி, சட்டையை அடுக்க ஆரம்பித்தார். முதுகு வந்தது. முன்பக்கம் இரண்டும் வந்தன. கைகள், பட்டிகள், காலர். அடுக்கி முடித்து, பாக்கெட்டுக்காகக் கையை நீட்டினார். மேசைமேல் வேறு துணி இல்லை.

இடது மார்பில், பாக்கெட் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று நீலமாக ஒரு சதுரம் தெரிந்தது. அது அவரையே பார்த்தது.

பையை உதறினார். மேசைக்கு அடியில் பார்த்தார். குப்பைத் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இல்லை. டர்போ வேலை என்றால் வடிகுழாய் ஓட்டைக்கு அவர் செருகுவது எப்போதும் பாக்கெட்தான். மடித்து வைத்தால் அந்த ஓட்டைக்குக் கச்சிதமாக இருக்கும். சின்னத் துணி, முழுசாக உள்ளே போய்விடும், நுனி வெளியே தெரியாது. செருகியது ஞாபகம் இருந்தது. உருவியது? உருவிய மாதிரியும் இருந்தது, உருவாத மாதிரியும் இருந்தது. எல்லாத் துணியும் ஒரே நீலக்கட்டம், எது எதுவென்று யார் கண்டது?

காற்றுக்குழாயில் துணி இருந்தால் வண்டி கொட்டகையைத் தாண்டியிருக்காது. ஆகவே வடிகுழாய்தான். துணி முழுசாக அடைக்காமல் பாதி அடைத்திருந்தால் எண்ணெய் கசிந்து கசிந்து இறங்கும். சமவெளியில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் மாமா மிதிக்க மிதிக்கத்தான் வினையே. வருகிற எண்ணெய் வடிய வழியில்லாமல் பெருகி, காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் அதையே டீசலாக நினைத்துக் குடித்து எரிக்கும். அப்புறம் மிதித்த காலை எடுத்தாலும் வேகம் குறையாது, அணைத்தாலும் அணையாது. வெறிபிடித்து ஓடும். பழைய எஞ்சினே ஓட்டிப் பழகிய மாமாவுக்கு அப்படி ஒன்று நடக்கும் என்றே தெரியாது. கேபினில் அக்கா. மடியில் கட்டை. பக்கத்தில் பள்ளம்.

போன் போட்டார். ஓட்டும்போது மாமா எடுக்க மாட்டார், அக்காதான் எடுப்பாள் என்று அக்காவுக்குப் போட்டார். அவருடைய கொட்டகையிலேயே மணி அடித்தது. சார்ஜ் ஏற்றிய இடத்தில், ஸ்பேனர் பலகைமேல் அக்காவின் போன் துள்ளிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே!” லேத்துப் பட்டறைக்குள் ஓடினார். “பைக்கை எடுங்க. சட்டையில பாக்கெட்டைக் காணோம்.”

இந்தச் சாலையில் அந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவையில்லை. லேத்துக்காரர் எந்திரத்தை நிறுத்தினார். இவ்வளவு காலமும் மறுபடியை நக்கல் அடித்தே பொழுதைக் கழித்த மனிதர் அவர். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து, “மறுபடி ஒரு தடவை பார்த்தியா?” என்று வந்தது.

“பார்த்துட்டேன்.”

“ஏறு.”

ஏறுவதற்கு முன் மறுபடி ஒரு காரியம் செய்தார். வெறிபிடித்த டீசல் எஞ்சினை நிறுத்த ஒரே வழி அதன் மூச்சை அடைப்பதுதான். கையால் அடைக்க முடியாது, கையையே உள்ளே இழுக்கும். தட்டையான பலகை வேண்டும். கண்ணில் பட்டது, அவர் சாப்பிடப் போகும்போது கொட்டகை வாசலில் மாட்டும் பலகைதான். ‘இதோ வருகிறேன்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அதை உருவி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

மலை அடிவாரத்தில் லேத்துக்காரர் ஆறுதல் சொன்னார். “பயப்படாதே. அந்த லாரியை நான் நடந்தே பிடிச்சிருக்கேன். முதல் வளைவுல பிடிச்சிடலாம்.”

முதல் வளைவில் லாரி இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. அடுத்த வளைவில் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பழைய பச்சை லாரி, சிமெண்ட் லோடு, இந்தப் பக்கம் போச்சா?”

“அந்த அம்மா கட்டையோட நடந்து வருமே, அதுவா? அது போய் ரொம்ப நேரமாச்சு.” டியூபைக் கீழே வைத்தார். “என்ன ஆச்சுங்க அதுக்கு? எப்பவும் அது கீழே உறுமுறப்ப நான் ஒரு பஞ்சர் ஒட்ட ஆரம்பிச்சா, முடிக்கும்போதுதான் என்னைத் தாண்டும். இன்னிக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஏறிப் போகுது. அந்தம்மாவும் கீழே இறங்கலே.”

மறுபடி பைக்கிலிருந்து எட்டிக் கேட்டார்: “புகை வந்துச்சா?”

“புகையா? கவனிக்கலீங்களே. பார்க்கறதுக்குள்ள போயிருச்சு.”

பேய் பிடித்த மாதிரி. டர்போ நன்றாக வேலை செய்தாலும் அப்படித்தான் ஏறும், எஞ்சின் வெறிபிடித்தாலும் அப்படித்தான் ஏறும். பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் பலகையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றும் இல்லாதபோது, போன உயிர் திரும்பி வந்து, அடுத்த வளைவுக்குள் மறுபடி போயிற்று. பைக் திணறியது. அது திணறத் திணற லேத்துக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். “என்னத்தைய்யா போட்டே அதுக்குள்ள? என் வண்டியே பிடிக்க முடியலே.”

உச்சியில் ஒரு சமதளம் உண்டு. ஏறி வந்த லாரிகள் ஓரமாக நின்று ஆசுவாசப்படும் இடம். பச்சை லாரி அங்கே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேபினில் யாரும் தெரியவில்லை.

அணைத்தும் அணையவில்லை, இறங்கி ஓடிவிட்டார்கள் என்றுதான் மறுபடிக்குத் தோன்றியது. பைக் நிற்பதற்குள் குதித்தார். பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காற்று வடிகட்டியின் வாயை நோக்கி ஓடினார். வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை அவர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். மைத்துனர் ‘இதோ வருகிறேன்’ என்ற பலகையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வருவதைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

“உஷ். சத்தம் போடாதே.”

“மாமா... அணைய மாட்டேங்குதா?”

“எது?”

“எஞ்சின்!”

“நீதானே அணைக்கக் கூடாதுன்னு சொன்னே? சொல்லச் சொல்லி வேற கேட்டே. மூச்சு வாங்கட்டும்னு விட்டிருக்கேன்.” மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உனக்குத்தான் இப்ப மூச்சு வாங்குது.”

மறுபடி நின்று காது கொடுத்துக் கேட்டார். எஞ்சின் ஒரே சீராக, தூங்குகிற பூனை மாதிரி முனகிக்கொண்டிருந்தது. புகைக்குழாயைப் பார்த்தார். நீலப்புகை இல்லை, கறுப்புப்புகையும் இல்லை. சூடான காற்று மட்டும் நடுங்கிக்கொண்டு வெளியேறியது. ஏறியதும் எப்போதும் கொதித்துத் துப்புகிற ரேடியேட்டர்கூட வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நின்றது.

“அக்கா எங்கே?”

மாமா தலையால் மேலே காட்டினார்.

மறுபடி படியில் கால் வைத்து, சத்தமில்லாமல் கேபின் கதவைத் திறந்தார். அக்கா சீட்டில் சாய்ந்து, ஜன்னல் திரைச்சீலையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டுப்போட்ட இடதுகை மடியில் வெறுமனே விரிந்து கிடந்தது. முட்டுக்கட்டை எப்போதோ நழுவி, அவள் காலடியில் விழுந்திருந்தது.

“இரண்டாவது வளைவு வரைக்கும் கட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, ‘இறங்கட்டுமா, இறங்கட்டுமா’ன்னு கேட்டுக்கிட்டே வந்தா,” என்றார் மாமா, பின்னால் நின்று கிசுகிசுப்பாக. “நான் கியரையே குறைக்கலே. அப்புறம் சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தா தூங்கிட்டா. இந்த ஏத்தத்துல, மாப்ள. உங்கக்கா.” முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மறுபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் தலைக்கு மேல் திரைச்சீலையில் இருந்தது கண்ணில் பட்டது. நீலக்கட்டம். சுற்றிலும் சின்னச் சின்னத் தையல். மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஒவ்வொரு தடவையும் எதன்மேலாவது உட்கார்ந்து உடைக்கிறவள், சட்டையைக் கிழிப்பதற்கு முன்னால் பாக்கெட்டை மட்டும் நூல் பிரித்து எடுத்துத் திரைச்சீலையில் தைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அவளுடைய கண்ணாடி பத்திரமாக இருந்தது.

மேசைமேல் கிடந்த சட்டை இப்போது அவர் மனதில் ஒழுங்காகத் தெரிந்தது. பாக்கெட்டின் இடத்தில் கிழிசலே இல்லை, நூல் பிரித்த தடம்தான் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. வடிகுழாயில் செருகிய துணி கொஞ்சம் விறைப்பாக முரண்டு பிடித்தது ஞாபகம் வந்தது. பாக்கெட் முரண்டு பிடிக்காது, காலர்தான் பிடிக்கும். காலரில் வட்டமாக எண்ணெய்க்கறை இருந்ததையும் பார்த்துக்கொண்டேதான் கழுத்தில் அடுக்கி வைத்தார். எப்போதும் பாக்கெட்டைச் செருகிய கை, அன்றும் அதையே செருகியதாகச் சாதித்துவிட்டது. இத்தனை காலமாகப் பூட்டையும் அடுப்பையும் நம்பாதவர், தன் கையை மட்டும் நம்பித் தொலைத்திருக்கிறார்.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அந்த மூச்சுக்கு டர்போவே தேவையில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டையும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது.

“எதுக்குப்பா இப்படி அடிச்சுப் பிடிச்சு வந்தே?” என்றார் மாமா.

“அக்கா போனை விட்டுட்டு வந்துட்டா,” என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவருக்குப் பின்னால் லேத்துக்காரர் பலகையைப் பார்த்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை. நல்ல மனிதர்.

மேகம் எங்கேயோ நகர்ந்து போயிருந்தது, வெயில் வந்துவிட்டது. மறுபடி கேபின் தரையிலிருந்து முட்டுக்கட்டையை மெல்ல எடுத்துக்கொண்டு இறங்கினார். சமதளம்தான், வண்டி எங்கேயும் உருளப் போவதில்லை. இருந்தாலும் பின்சக்கரத்துக்கு அடியில் அதைத் தானே போட்டார். போட்டுவிட்டு, காலால் தட்டிப் பார்த்தார். நாலடி நடந்தார். திரும்பி வந்து மறுபடி தட்டிப் பார்த்தார்.

“மூச்சு வாங்கினது போதும்ல?” என்று மாமா கேபினுக்குள் எட்டி, எஞ்சினை அணைக்கிற கம்பியின்மேல் கை வைத்தார். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடினால் டீசல் போகிறதே என்று புலம்புகிறவர் அவர்.

“வேணாம் மாமா. சத்தம் நின்னா முழிச்சுக்குவா.”

மாமா கையை எடுத்துவிட்டார். மூன்று பேரும் சாலையோரச் சுவரில் பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து ஒவ்வொரு வண்டியாக இரைத்துக்கொண்டு ஏறி வந்து தாண்டிப் போயிற்று. அக்கா எழுந்திருக்கிற வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.